சஹனில் மூன்றாவது கை

சஹனைக் கொண்டுவந்து விரிப்பின் நடுவில் வைத்தபோது கமாலுத்தீன் வலது கையை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். மூன்று பேருக்கு ஒரு தட்டு. நெய்ச்சோறு நடுவில் குவிந்திருக்க, அதன்மேல் ஒருவர் வந்து களறி ஆட்டுக்கறியை ஊற்றிவிட்டுப் போனார். ஓரத்தில் கத்தரிக்காயும் மாங்காயும் போட்ட பச்சடி. எதிரே நூகு மாமா, மனைவி மைமூனுக்குத் தாய்மாமன், பல் போனவர். பக்கத்தில் மைமூனின் அண்ணன் ஹபீப், பாளையங்கோட்டையிலிருந்து இந்தக் கடற்கரை ஊர்வரை காரோட்டிக் கூட்டிவந்தவர். மைமூன் தடுப்புத் துணிக்கு அந்தப் பக்கம் பெண்களோடு இருந்தாள். அவளுடைய சாச்சி மகள் வீட்டுக் கல்யாணம். "பிஸ்மி சொல்லிக் கைய வைங்க மச்சான்" என்றார் ஹபீப். கமாலுத்தீன் வைத்தார். கறிச்சாறு பெருவிரலின் அடியிலிருந்த இரண்டு துளைகளிலும் புகுந்து சுரீரென்று பிடித்தது. கை கழுவுமிடத்தில் பிளாஸ்திரியைப் பிய்த்துப் போட்டுவிட்டு வந்திருந்தார். மூன்று பேர் கை போடும் தட்டில் பிளாஸ்திரியோடு கை போட்டால் மற்றவர்களுக்குச் சோறு இறங்குமா? இப்போது துளைகளிலிருந்து ஏதாவது கசிந்து சோற்றில் இறங்குகிறதோ என்று பார்த்தார். இல்லை, காய்ந்துதான் இருந்தது. காலையில் வீட்டுப் பூனை கடித்தது. கடித்ததும் அவர் அதைத் தூக்கிக்கொண்டுபோய் மொட்டைமாடித் தகர அறையில் போட்டுத் தாழ்ப்பாளை இழுத்தார். பிறகு மறந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. மனிதனுக்கு மறதி இல்லையா? கல்யாணத்துக்குக் கிளம்புகிற அவசரம், வாசலில் ஹபீப் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார், சட்டையை மாற்ற வேண்டியிருந்தது, மறந்துவிட்டார். தேய்த்து வைத்த வெள்ளைச் சட்டையின்மேல் அது படுத்திருந்தது, அதனால்தான் எல்லாம். அதை நகர்த்தத்தான் கையை நீட்டினார். தடவிக்கொடுத்துத்தான் நகர்த்தினார். சட்டையை நகர்த்தினாரா பூனையை நகர்த்தினாரா? சட்டையைப் பிடித்து இழுத்தார். அது உருண்டது. உருண்டதும் கடித்தது. அதுவும் நியாயம்தான், தூங்குகிறவனைப் பாயோடு உருட்டினால் மனிதனும் கடிப்பான்.

"என்ன மாப்ள, கோழி கொத்துத மாதிரி கொத்துதிய" என்றார் நூகு மாமா. "கண்ணாடிக் கடையில இருந்து இருந்து, சோத்தையும் தூரத்துல வச்சுத்தான் பாப்பியளோ? அள்ளித் தின்னுங்க." கமாலுத்தீன் சிரித்து ஒரு கவளம் அள்ளினார். மாமாவின் கண் கையில் விழுந்தது. "அது என்ன காயம்?" "ரோசாச் செடி மாமா, முள்ளு." "ரெண்டு முள்ளும் சோடி சேந்துல்லா குத்திருக்கு." ஹபீப் வாயிலிருந்த சோற்றோடு சிரித்தார். "மீச வச்ச ரோசா மாமா அது. இவுக வீட்டுல ஒரு பூன இருக்கு. கலெக்டர்னு பேரு. மனு கொடுக்கப் போனா கடிச்சுரும்." நூகு மாமா தலையாட்டி, ஒரு எலும்பைத் தேடி எடுத்து உறிஞ்ச ஆரம்பித்தார். பல் இல்லாதவர் எலும்பை உறிஞ்சி முடிக்க எவ்வளவு நேரமாகும்? மாமாவின் விரல்கள் சோற்றைத் தொட்டுத் தொட்டு, பிசைந்து பிசைந்து, ஈறுகளுக்கு ஏற்ற பதத்துக்குக் கொண்டுவந்து, பிறகே வாய்க்குப் போயின. ஒரே சஹனில் கை போட்டவர்களில் ஒருவர் முந்தி எழுந்தால் மற்றவர் வயிறு நிறையாமலே கையை எடுத்துவிடுவார். அதுவும் மூத்தவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழுவது அவர் முகத்தில் அடிப்பது மாதிரி. சின்ன வயதிலிருந்தே கைக்குப் பழகிய மரியாதை. உண்டு முடித்தவனும் மற்றவருக்காகச் சோற்றைச் சும்மா அளைந்துகொண்டு இருப்பான். ஆகவே இப்போது எழ முடியாது. எழுந்துதான் என்ன செய்ய? கார் ஹபீபுடையது, ஹபீப் சாப்பிட்டு அசந்து தூங்கி எழும்வரை நகரமாட்டார், ஊர் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல். ஆகவே எழுந்து பயனில்லை. இந்த 'ஆகவே' ஒவ்வொன்றும் கச்சிதமாக வந்து உட்கார்வதை அவர் கவனித்தார். கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் அழுத்தும்போது டக்கென்று உட்காருமே, அந்த மாதிரி. அப்படி உட்கார்ந்தால் அளவு சரி என்று அர்த்தம். இங்கே அளவு எடுத்ததும் அவர்தான், தேய்த்ததும் அவர்தான்.

மண்டபத்து மின்விசிறிகள் சுற்றியும் கழுத்து வேர்த்தது. கத்திரி வெயில். இங்கே கடல் காற்றாவது இருக்கிறது. பாளையங்கோட்டையில் இந்நேரம் மொட்டைமாடித் தரையில் கால் வைக்க முடியாது. தகர அறையில் ஜன்னல் இல்லை. கதவுக்கு மேலே ஒரு இடைவெளி உண்டு, அணில் வரும், பூனை போகாது. உள்ளே விற்காத ஃபிரேம்கள் போட்ட அட்டைப்பெட்டிகள், கால் போன கட்டில், பழைய கொசுவலை. போன வாரம் மதியத்தில் ஏதோ தேடப் போனவர், தேடியது எதுவென்றே மறந்து, சட்டை நனைந்து, கண் இருட்டிக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். "அதுக்குள்ள எதுக்கு இந்த நேரத்துல போறிய, வெந்துருவிய" என்று மைமூன் மோர் கொண்டுவந்தாள். வெந்துவிடுவீர்கள் என்றாளே, அது நினைவிருந்தது. காலையில் தாழ்ப்பாளை இழுக்கும்போது நினைவிருந்ததா? காலையில் தாழ்ப்பாள் குளிர்ந்துதான் இருந்தது. இரும்பு குளிர்ந்திருந்ததால் அறை சுடும் என்று தோன்றவில்லை. ஆகவே. பூனைகள் வெயிலைத் தாங்கும், வெயிலில் போய்ப் படுக்கிற சாதிதானே அது. கலெக்டர்கூட காலையில் காம்பவுண்டுச் சுவரில் வெயில் காயும். ஆனால் வெயில் ஏறினால் இறங்கிவந்து குளியலறை ஈரத்தரையில் வயிற்றைப் பரப்பிப் படுக்கும், மைமூன் அதைத் தாண்டித் தாண்டித்தான் துணி துவைப்பாள். தாண்டும்போது புடவை நுனி பட்டால் அதற்கும் கோபம், ஒரு பிறாண்டல். "ஏன் சொல்லுதேன்னா, உங்க ரெண்டு பேருக்கும் ஒரே கொணம்" என்பாள் மைமூன். "அது கடிக்கும், நீங்க கத்துவிய. கொஞ்ச நேரத்துல ரெண்டும் வந்து என் காலுகிட்ட நிக்கும்." அவள் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. யாராவது விருந்தாளி வந்தால் சொல்லிச் சிரிப்பாள். அவரும் சிரிப்பார். சிரிக்கும்போது உள்ளே எங்கோ ஒரு இடம் சிரிக்காமல் இருக்கும்.

பெரிய மழை பெய்த வருஷம் கடைக்குள் தண்ணீர் வந்தபோதுதான் அது வந்தது. மேசை இழுப்பறையைத் திறந்தால் நனைந்த குட்டி ஒன்று, விரல் நீளத்துக்கு, சீறியது. கண் சரியாகத் திறக்காத பிராயத்திலேயே சீறல். மை நிரப்பும் சொட்டுக்குழாயால் பால் விட்டு அவர்தான் வளர்த்தார், மைமூன் அல்ல. இரவெல்லாம் மார்பில் கிடந்தது. நாற்காலியில் ஏறி அரைக்கண் மூடி வருகிறவர்களை ஏற இறங்கப் பார்க்கும், மனு வாங்குகிற தோரணையில். அதனால் கலெக்டர். தடவிக்கொடுத்தால் முதுகை நெளித்து இன்னும் இன்னும் என்று கேட்கும், பிறகு திடீரென்று திரும்பிக் கடிக்கும். எந்தத் தடவலில் கடிக்கும் என்று அதற்கே தெரியாது. அவருக்கு மஞ்சள் காமாலை வந்து கிடந்தபோது, எல்லாரும் தள்ளி நின்றே விசாரித்துப் போனபோது, அது வயிற்றின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டு இறங்கவில்லை. கடிக்கவும் இல்லை. எழுந்து நடமாடத் தொடங்கிய அன்று கணுக்காலில் ஒரு கடி கடித்துவிட்டுப் போனது. அன்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அதே கடிதானே இன்றைக்கும். அன்றைக்குச் சிரித்த மனிதன் இன்றைக்கு ஏன் அதைக் கழுத்தில் பிடித்துத் தூக்கினான்? பிடித்தபோது அது காலை மடக்கிக்கொண்டு குட்டியைப்போலத் தொங்கியது. கழுத்துத் தோலைப் பிடித்தால் எல்லாப் பூனையும் தாய் தூக்குகிறது என்று நினைத்து அடங்கிவிடுமாம். அடங்கித்தான் தொங்கியது. ஏறிய படிகள் முழுக்க அடங்கியே தொங்கியது. உள்ளே எறிந்தபோதுதான், இறக்கிவிட்டபோதுதான், இல்லை, எறிந்தபோதுதான், கட்டில் சட்டத்தில் பட்டு ஒரு சத்தம் கேட்டது.

"இறைச்சி எடுங்க மச்சான். எல்லாத்தையும் எங்க பக்கமே தள்ளுதிய" என்று ஹபீப் ஒரு பெரிய துண்டைப் பிய்த்து அவர் பக்கம் வைத்தார். நல்ல மனிதர். சஹனில் சாப்பிடும்போது தன் பங்கில் நல்லதைப் பக்கத்துக் கைக்குத் தள்ளுவார் எப்போதும். அதை மெல்லும்போது கமாலுத்தீனுக்கு ஓதுபள்ளி ஹஜ்ரத்தின் குரல் கேட்டது. ஒருத்தி ஒரு பூனையைக் கட்டிப்போட்டாள். தானும் தீனி வைக்கவில்லை, தரையில் திரியும் பூச்சி புழுவைப் பிடித்துத் தின்னவும் விடவில்லை. அதனால் நரகம் போனாள். பிள்ளைகள் பயந்துபோய் உட்கார்ந்திருக்க, கமாலுத்தீன் மட்டும் கேட்டார், அப்போது வயது ஏழோ எட்டோ, அவ மறந்துபோயிருந்தா ஹஜ்ரத்? ஹஜ்ரத் யோசித்தார். மறந்தவளை அல்லா பிடிக்கமாட்டான்டா, என்றார். அன்றே எதற்கு அந்தக் கேள்வி கேட்கத் தோன்றியது? தப்பிக்கிற வழி எங்கே என்று அந்த வயதிலேயே பார்த்து வைத்துக்கொண்ட புத்தி. இவ்வளவு காலம் கழித்து அதே வழியில் வந்து நிற்கிறார், மறந்துவிட்டேன் என்று. ஆனால் படி. அந்தப் படியை விட்டுத் தாண்டவே முடியவில்லை. எப்படிச் சுற்றினாலும் நினைப்பு அங்கேதான் வந்து நிற்கிறது. சட்டை மாற்றினார், கைக்குப் பிளாஸ்திரி ஒட்டினார், அத்தர் போட்டார், மைமூன் அதற்குள் காரில் ஏறியிருக்க, வீட்டைப் பூட்டினார். பூட்டிவிட்டுத் திரும்பும்போது வெளிப்படிக்குக் கீழே நின்றார். மேலே அது கத்தியது. கோபக் கத்தல் அல்ல. அதற்குக் கோபக் கத்தல் ஒன்று, பசிக் கத்தல் ஒன்று, அவரைக் கூப்பிடுகிற கத்தல் ஒன்று. கேட்டது மூன்றாவது. ஒரு காலைப் படியில் வைத்தார். மேலே போய்த் திறந்துவிட்டு வர எவ்வளவு நேரமாகிவிடும்? அப்போது பெருவிரலடி துடித்தது. துடித்ததோடு கூடவே ஒன்று வந்தது, இவ்வளவு நேரமும் அதற்குப் பெயர் வைக்காமல் இருந்தார், சுகம். இருக்கட்டும், கத்தட்டும் என்று ஒரு சுகம். காலை எடுத்தார். காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். ஹபீப் ஏ.சி. போட்டார். வழியெல்லாம் ஹபீபோடு வாழைத்தார் விலை பேசிக்கொண்டு வந்தார். அந்தச் சுகம் எங்கே கரைந்தது, எந்த ஊர் தாண்டும்போது, என்று தெரியவில்லை. கரைந்த இடத்தில் பயம் இருந்தது. பூனைக்காக மட்டும் இல்லை. இந்தக் கைக்காகவும். இந்தக் கை வேறு யாரை எங்கே அடைத்துவிட்டுக் காரில் ஏறும் என்று. மைமூனுக்கு மூட்டு வலி கூடிக்கொண்டே போகிறது. ஒருநாள் அவள் படுத்துவிட்டால், ராத்திரி பகல் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தால், அப்போதும் இது இப்படித்தான் ஒரு தாழ்ப்பாளைத் தேடுமா?

சட்டைப்பையில் செல்போன் நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது. அது தெரியாமல் இல்லை. நிக்காஹ் ஓதும்போதே தெரிந்தது. பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சரைக் கூப்பிட்டு, மாடிப்படி வெளிப்பக்கம்தான், கேட்டில் பூட்டு இல்லை, ஏறிப்போய்த் தாழ்ப்பாளைத் தள்ளிவிடுங்கள் என்றால் முடிந்தது. ஆனால் எஸ்தர் டீச்சரோடு பேச்சு இல்லை. போன கிறிஸ்துமஸுக்கு அவர்கள் பொரித்து வைத்திருந்த சீலா மீனைக் கலெக்டர் தட்டோடு கவிழ்த்தது. டீச்சர் சுவருக்கு மேலே எட்டி, "வளக்கத் தெரியாதவங்க எதுக்கு சார் பூன வளக்கணும்" என்றார். ஒரு வாயில்லாப் பிராணிமேல் இவ்வளவு வன்மமா என்று கமாலுத்தீன் தெரு கேட்கக் கத்தினார். வாயில்லாப் பிராணி. அந்த வார்த்தையைச் சொன்ன வாயால் இப்போது எப்படிச் சொல்வது? எப்படி அடைபட்டது என்று டீச்சர் கேட்பார். காற்றில் கதவு சாத்திக்கொண்டது எனலாம். காற்றில் தாழ்ப்பாள் விழாது, வெளித்தாழ்ப்பாள். நான் மறந்து. மறந்து. டீச்சர் பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள் வீட்டுப்பாட நோட்டை மறந்துவிட்டேன் என்று சொல்லக் கேட்டிருப்பார், ஒரு பார்வையிலேயே பிரித்துவிடுவார். ஆகவே கூப்பிடவில்லை. ஒரு டீச்சரம்மாவின் பார்வைக்குக் கூச்சப்பட்டு ஒரு உயிரை வேகவிட்டிருக்கிறார், நிக்காஹிலிருந்து இந்தக் கறிவரை.

"இன்னும் கொஞ்சம் வைக்கவா மாமா?" பரிமாறும் பையன் வாளியோடு குனிந்து நின்றான். "கறி மட்டும் போடு. எலும்பில்லாம" என்று ஒரு குரல் சொன்னது. யார் கேட்டது என்று கமாலுத்தீன் நூகு மாமாவைப் பார்த்தார். மாமா மென்றுகொண்டிருந்தார். ஹபீப் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தட்டில் அவர் பக்கமாகக் கறி விழுந்தது. எலும்பில்லாமல். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நெய் மினுங்கியது. இவ்வளவு நேரம் துடித்ததாக நினைத்துக்கொண்டிருந்த மனது ஒரு பக்கம் இருக்க, வயிறு தன்பாட்டுக்குப் பசித்து, வாய் தன்பாட்டுக்குக் கேட்டு, கை தன்பாட்டுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்திருந்தது. அவர் எழுந்தார்.

நூகு மாமாவின் கை பாதி வழியில் நின்றது. "என்ன மாப்ள?" பக்கத்துச் சஹன்காரர்கள் திரும்பினார்கள். "பூனைய அடைச்சுப் போட்டுட்டு வந்துட்டேன் மாமா." பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். "அட, உக்காருங்க மச்சான்" என்று ஹபீப் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "மறந்து அடைச்சிட்டிய, அதுக்கு என்ன இப்ப. பெரிய மனுசர் சாப்பிடுதாக." "மறக்கல" என்றார் கமாலுத்தீன். குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "தெரிஞ்சுதான் அடைச்சேன். தகரக் கொட்டகையில." ஹபீப் வேட்டியை விட்டார். நூகு மாமா கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்து, விரல்களைச் சூப்பி, கையை எடுத்துவிட்டார். "நீங்க சாப்பிடுங்க மாமா." "எடுத்தாச்சு" என்றார் மாமா, அவரைப் பார்க்காமல். "நின்னுக்கிட்டு இருக்கீரே வே. போய் ஆகவேண்டியதப் பாரும்."

கை கழுவுமிடத்தில் கூட்டமாக இருந்தது. ஒதுங்கி நின்று, நெய்க்கையை உடம்பில் படாமல் தூக்கிக்கொண்டு, இடது கையால் செல்போனை எடுத்து எண்ணைத் தேடினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டார்கள் என்று ஒரு எண்ணம் வந்தது, அதில் கடுகளவு நிம்மதி இருப்பதையும் பார்த்தார். "சொல்லுங்க" என்றார் டீச்சர், பேரைச் சொல்லாமல். அவர் சொன்னார். மாடி, தகர அறை, தாழ்ப்பாள். "எப்பமிருந்து?" "காலையில இருந்து." "காலையில இருந்தா? எப்படி சார் மாட்டிச்சு?" "மாட்டல டீச்சர். நான் அடைச்சேன். கடிச்சிட்டுன்னு அடைச்சேன். திறக்காமலே வந்துட்டேன்." அந்தப் பக்கம் செருப்புச் சத்தம், கேட் திறக்கும் சத்தம், படிகள். டீச்சர் மூச்சு வாங்கினார். "என் மீன் போன அன்னைக்கு நான்கூட இத நினைக்கல சார்" என்றார் ஏறிக்கொண்டே. தாழ்ப்பாள் நகர்ந்தது. "ஸ்ஸ், கை சுடுது." கதவு முனகியது. "ஏசுவே, என்ன வெக்க."

"டீச்சர்."

"இருக்குது. கட்டிலுக்கு அடியில. வாயத் தொறந்து நாய் மாதிரி இரைக்குது. வெளிய வா பிள்ள, வா. வரமாட்டேங்குது சார். ஒரு கால ஊனாம வச்சிருக்கு."

கட்டில் சட்டம். கமாலுத்தீன் சுவரில் சாய்ந்தார். "தண்ணி வைங்க டீச்சர். உள்ளயே வைங்க. கிட்டப் போகாதீங்க, கடிக்கும்."

"கடிக்கிற நிலைமையில இல்ல." டீச்சர் இறங்கிப் போனார், எங்கோ குழாய் ஓடியது, திரும்ப ஏறினார், தரையில் கிண்ணம் உரசியது. "வச்சிருக்கேன். பாக்குது, வரல்ல. இருங்க, போன கீழ வைக்கேன். நீங்க கூப்பிடுங்க. உங்க சத்தம் தெரியும்லா."

அவர் வாயைத் திறந்தார். அந்தப் பெயர் வரவில்லை. கை கழுவ வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள், ஒருவர் முழங்கையில் இடித்து மன்னிப்புக் கேட்டார். தன் குரலைக் கேட்டால் அது வெளியே வருமா, இன்னும் உள்ளே போகுமா? எது நடந்தால் தாங்க முடியும் என்று பார்த்தார். இரண்டும் முடியாது. "கலெக்டரு" என்றார். "ஏ கலெக்டரு. வா. வாம்மா. தண்ணி குடி."

"வருது" என்றார் டீச்சர், தூரத்திலிருந்து. "வருது சார், நொண்டிக்கிட்டு வருது. பேசுங்க."

அவர் பேசினார். வா, குடி, வா, ஒன்றும் செய்யமாட்டேன், வா என்று என்னென்னவோ. சொட்டுக்குழாயில் பால் விட்ட காலத்தில் பேசிய பேச்செல்லாம் எங்கிருந்தோ வந்தது. ஏதோ மெத்தென்று போனில் உரசியது. கரகரவென்று தொண்டையில் ஓடும் அந்தச் சத்தம் காதுக்குள் வந்தது, இவ்வளவு கிட்டத்தில். அவர் கண்ணை மூடிக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார்.

"சார்" என்றார் டீச்சர். "சார், அது குடிக்கமாட்டேங்குது. கிண்ணத்த விட்டுட்டு போனையே சுத்திச் சுத்தி வருது. உங்களத் தேடுது போல. நீங்க பேசுற வரைக்கும் குடிக்காது. கொஞ்சம் சும்மா இருங்க."

அவர் பேச்சை நிறுத்தினார். மூச்சுக்கூடக் கேட்டுவிடும் என்று போனை வாயிலிருந்து விலக்கி, காதோடு மட்டும் வைத்துக்கொண்டார். கரகரப்பு கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு நின்றது. பிறகு அது ஒருமுறை கூப்பிட்டது, கேள்வி கேட்பதுபோல. இன்னொருமுறை கூப்பிட்டது. அவர் பதில் சொல்லவில்லை. மண்டபத்தில் யாரோ துஆ ஓத ஆரம்பித்தார்கள், எல்லோரும் கையேந்தினார்கள். நெய்யும் கறியும் காய்ந்த கையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டுக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, சன்னமாக, நாக்கு தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டது.